எண்பத்தெட்டு போட்ட டயர்

இல்லீங் சார், நீங்களே சொல்லுங். டயருன்னா வட்டமா, கறுப்பா இருந்தாப் போதுமுங்களா? 'பாக்க நல்லா கிண்ணுனு இருக்குது, மாட்டிக்கோ'ங்கறான் கடக்காரன். பொண்ணு பாக்கப் போன மாதிரி பேசறானுங். அது எத்தன கிலோ தாங்கும், அத மட்டும் சொல்லுய்யான்னா, 'தாங்கும் பாய், ஜாஸ்தி தாங்கும்'ங்கறான். ஜாஸ்திங்கறது ஒரு நம்பருங்களா சார்?

ஆமாங், ஆமாங், உங்க எடந்தான். இந்தப் பார்க்கிங் உங்க வீட்டுக்கு உள்ளதுன்னு எனக்குத் தெரியுமுங். ஜம்புநாதன் சார்தானுங்களே? வாட்ச்மேன் சொன்னாரு, மூணாவது மாடிக்கு சிகந்தராபாத்துலருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வருது, தாத்தா காலத்துலருந்தே இந்த ஊருதான்னு. நெம்ப சந்தோசமுங். நான் இளங்கோவன், நாலாவது மாடி. ஊரு நாமக்கல் பக்கமுங். உங்க காரு கேட்டுக்கு வெளிய நிக்குதுங்களா? மேடம் உள்ள ஒக்காந்திருக்காங்களா? இருக்கட்டுமுங், அங்க வேப்ப மர நெழலு உண்டு. ஒரே நிமிசம். இத எடுத்தர்றதுதான் இன்னிக்கு என்ற சோலியே, லீவு போட்டுட்டு நிக்கறேன். ஆனா எடுக்கோணும்னா உருளோணும். உருளோணும்னா டயரு வேணும். டயரு வேணும்னா அந்த நாச்சாரம் கடக்காரன்... அதத்தானுங் சொல்ல வந்தேன்.

இது என்னன்னுங்களா? நீங்களாச்சு கேட்டீங்க. இந்தக் கொண்டாப்பூர்ல ஒருத்தரும் கேக்கறதில்ல, நேரா வந்து வரிசைல நின்னுக்கறாங்க. நெசமாத்தானுங்! ஒரு நாளு ரோட்டோரமா சித்த நேரம் நிறுத்தியிருந்தேன். கழுத்துல ஐடி கார்ட மாட்டிட்டு ஒரு கும்பலே வந்துருச்சு. 'பையா, தோ ப்ளேட் இட்லி'ங்குது ஒரு பொண்ணு. இட்லி இல்லம்மா, இது வீடுன்னேன். 'அப்ப வடை?'ங்குது. சன்னல் இருக்குது, உள்ள அடுப்பு தெரியுது, டிபன் வண்டின்னுதானே நெனப்பாங்க... அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா இது வீடுதானுங் சார். ஜீப்புக்குப் பின்னால கொக்கில மாட்டி இழுத்துட்டுப் போற வீடு. டிரெய்லருன்னு சொல்றாங்க. உள்ள ரெண்டு பேரு படுக்கலாம். ஒரு அடுப்பு, ஒரு தண்ணித் தொட்டி, அப்பறம்... அதான் முக்கியமுங், ஒரு பாத்ரூமு.

எனக்கு ஏதுங் இத்தன பெரிய சாமான்? எங்க மேனேஜர் திருநாவுக்கரசு சாருது. அமெரிக்காவுல இருந்துட்டு வந்தவரு. அங்க லீவு உட்டா வீட்டயே வண்டிக்குப் பின்னால கட்டிட்டுக் கெளம்பிருவாங்களாம். அதப் பாத்துட்டு, இங்க வந்ததும் நாச்சாரத்துல லாரிக்குப் பாடி கட்டற பட்டறைல சொல்லி, ஆசையா இதக் கட்டுனாரு. மொத நாளே அவரு சம்சாரம் உள்ள எட்டிப் பாத்துட்டு, 'ஏங்க, நமக்குத்தான் வீடு இருக்குதே, அப்பறம் எதுக்கு ரோட்டுல போயி இந்தப் பொட்டிக்குள்ள படுக்கறது?'ன்னு கேட்டாங்களாம். அவ்வளவுதான். அன்னிலருந்து இது நின்ன எடத்துலயே நின்னுதுங். ஒரு நாளு என்னக் கூப்புட்டு, 'இளங்கோ, சும்மா நின்னா துருப்புடிக்குது, ஊருக்குப் போறப்ப நீ எடுத்துட்டுப் போயேன்'னாரு. நான் வேண்டாம்னு சொல்லத்தான் வாயத் தெறந்தேன். எனக்கு அந்த வார்த்த வரவே வராதுங், பொறந்ததுலருந்தே. ஆனா அப்பத்தான் அந்தப் பாத்ரூமு கண்ணுல பட்டுது.

என்ற அம்மாவுக்காகத்தானுங் சார் இத்தனையும்.

சொல்றதுக்கு என்னங். எங்கம்மாவுக்குச் சக்கர வியாதி. அடிக்கடி போயாகோணும். முட்டி வேற மடங்காது, குத்த வெச்சு ஒக்கார முடியாதுங். அதனால பஸ்ஸுல போகோணும்னா மொத நாளுலருந்தே தண்ணி குடிக்க மாட்டாங்க. வாயெல்லாம் ஒலந்து போயி, மயக்கம் வந்து... அப்பறம் எங்கயும் போறதே இல்லைன்னு ஆயிருச்சு. நான் பட்டம் வாங்குனது கோயமுத்தூர்ல. எங்க குடும்பத்துலயே காலேஜ் வாசப்படிய மிதிச்சது நான் ஒருத்தன்தான். எங்கப்பா மட்டும் வந்தாரு. எந்தப் பேருக்குக் கை தட்டறதுன்னு தெரியாம, எல்லாப் பேருக்கும் தட்டிட்டே இருந்தாரு. அம்மா வர்ல. வீட்டுக்குப் போயி போட்டோவக் காட்டுனப்ப, 'ஏன்டா இந்த அங்கி இத்தன தொளதொளன்னு இருக்குது, நான் வந்திருந்தா ரெண்டு பக்கமும் புடிச்சுத் தெச்சு உட்டிருப்பேனே'ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. அத நெனச்சா எனக்கு இன்னமும்...

ரயிலுங்களா? ரயில்ல இருக்குதுதானுங், யாரு இல்லைன்னா? ஒருக்கா திருப்பதிக்குப் போறப்ப, ஆட்டத்துல கால் வழுக்கி உழுந்து, மணிக்கட்டு பூரி மாதிரி வீங்கிப் போச்சு. 'ஓடற வண்டில இனி என்னை எந்திரிக்கச் சொல்லாதே'ன்னுட்டாங்க. இது அப்படி இல்லீங்களே! அம்மா முன்னால ஜீப்புல ஒக்காந்து வருவாங்க. வேணும்கறப்ப ஓரமா நிறுத்துனா, எறங்கி, பின்னால நம்ம வீட்டுக்குள்ள ஏறுற மாதிரி ஏறி, கதவத் தாப்பாப் போட்டுட்டு... ஆருக்கும் பயப்பட வேண்டியதில்ல. ஓடறப்ப டிரெய்லருக்குள்ள ஆள் இருக்கக் கூடாது, அதெல்லாம் எனக்குத் தெரியுமுங்.

வர்ற ஞாயித்துக்கெழம எங்க ஆபீஸ்ல ஃபேமிலி டே. வருசத்துல ஒரு நாள்தான் வீட்டாளுங்கள உள்ள உடுவாங்க. நாம ஒக்கார்ற எடம், சேரு, கம்ப்யூட்டரு எல்லாம் காட்டலாம். என்ற கூட வேல செய்யற ஃபெலிக்ஸு, ஜீப்பு அவனோடதுதான், நாகர்கோவில்காரன், அவன் சொல்றான், 'அடுத்த வருசம் காட்டிக்கிடலாம்லே'ன்னு. அடுத்த வருசம் அந்தச் சேர்ல நான் இருக்கோணுமுங்களே! ரெசஷன்னு சொல்லிட்டு வாராவாரம் சேரு காலியாகுது. நான் தெனமும் ஆபீஸுக்குப் போனதும் மொதல்ல என்ற சேரத் தொட்டுப் பாக்கறேன். அது என்றதா இருக்கும்போதே அம்மா அதுல ஒருக்கா ஒக்காந்து எந்திரிச்சரோணும். வேற ஒண்ணும் இல்லீங். இன்னிக்குச் செவ்வாய்க்கெழம. நாளைக்குக் காலைல கெளம்புனாத்தான் வியாழக்கெழம ஊரு. வெள்ளி, சனி ரெண்டு நாளும் அங்கங்க நின்னு நின்னு மெதுவா வந்தா, ஞாயித்துக்கெழமைக்குச் செரியா இருக்கும். அம்மா தெருப் பூராச் சொல்லி வெச்சுட்டாங்க. இங்க பாத்தா, வீடு செங்கல்லு மேல நிக்குது.

ஹாரனுங்களா? மேடம்தான் போல. வரட்டுமுங்களா, இங்க சேரு போடச் சொல்றேன்... வேண்டாமுங்களா? செரிங். சுருக்கமா முடிச்சர்றேன்.

டயருக்கு வர்றேன். பட்டறைக்காரன் மொதல்ல போட்டுக் குடுத்தது ஏதோ பழைய டயரு, வெடிப்பு உட்டுக் கெடந்துது. நானுங் டெஸ்டிங்ல இருக்கேன். அடுத்தவன் பண்ணுன தப்பக் கண்டுபுடிக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. நான் சும்மா உடுவனுங்களா? டயருக்குப் பக்கவாட்டுல பொடி எழுத்துல என்னென்னமோ போட்டிருக்கும், பாத்திருக்கீங்களா? ஒருத்தரும் படிக்கறதில்ல. நான் ஒக்காந்து படிச்சேன். அதுல ஸைஸுக்குப் பக்கத்துல ஒரு நம்பர் வரும். அதுதான் எத்தன பாரம் தாங்கும்கறது. எண்பத்தெட்டுன்னு போட்டிருந்தா, காத்து முழுசா இருக்கறப்ப ஒரு டயரு ஐநூத்தி அறுவது கிலோ தாங்கும். ரெண்டு டயருக்கு ஆயிரத்தி நூத்தி இருவது. இதுக்கு ரெண்டே சக்கரம்தானுங், பாருங்.

அப்ப வீட்டோட எடை தெரியோணுமில்லீங்களா? நாச்சாரத்துல லாரி நிறுக்கற எடை மேடைல ஏத்துனேன். காலி வண்டி எண்ணூத்தி அம்பது. அப்பறம் நான் கொண்டு போற ஒவ்வொரு சாமானையும் எங்க வீட்டு மிசின்ல நிறுத்தேன். மெத்த, கேஸ் சிலிண்டரு, பாத்திரம், தொட்டித் தண்ணி, திரும்பி வர்றப்ப எங்க வீட்டுக்கு ஒரு மூட்ட அரிசி. பல்லு வெளக்கற பிரஸ்ஸக் கூட உடுலீங். ஃபெலிக்ஸு பக்கத்துல நின்னு, 'லேய், அதுக்கு முள்ளே அசையல்ல, பொறவு எதுக்கு எடுத்து வைக்க?'ன்னு சிரிக்கறான். சிரிச்சா சிரிக்கட்டும். மொத்தம் எரநூறு கிலோ. ஆகக்கூடி ஆயிரத்தி அம்பது. டயரு தாங்கறது ஆயிரத்தி நூத்தி இருவது. எச்சா எழுவது கிலோ கெடக்குது, ஒரு ஆளே படுத்துத் தூங்கலாம். கணக்குல எங்கயாச்சும் ஓட்டை இருக்குதுங்களா சார்? இல்லீல்ல? சின்னச் சரக்கு வண்டிக்குப் போடற டயரு, எண்பத்தெட்டு நம்பரு, புத்தம் புதுசு, நாச்சாரத்துக் கடைல ரெண்டு வாங்கி மாட்டுனேன்.

மாட்டிட்டு உடனே அம்மாவக் கூட்டிட்டு வந்தர்ல. டெஸ்டரில்லீங்களா? மொதல்ல ஆள் இல்லாம ஒரு நட போயி வந்து பாக்கோணும்னு, போன மாசம் நானும் ஃபெலிக்ஸும் போனோம். போறப்ப சும்மா வழுக்கிட்டுப் போச்சுங். பின்னால ஒரு வீடு வருதுங்கறதே மறந்து போச்சு. ஊர்ல நிறுத்துனதும் ஊரே கூடிருச்சு. அம்மா உள்ள ஏறி, மெத்தையப் பாக்கல, அடுப்பப் பாக்கல. நேரா அந்தப் பாத்ரூமுக் கதவ ஒருக்காத் தெறந்து, ஒருக்காச் சாத்தி, மறுக்காத் தெறந்து பாத்துட்டு, 'தாப்பா உள்பக்கந்தான் இருக்குது, பரவால்ல'ன்னாங்க. அப்படின்னா வர்றேன்னு அர்த்தமுங்.

திரும்பி வர்றப்பத்தான் கெரகம் புடிச்சுது. கர்னூலு தாண்டி, ஜட்சர்லாவுக்குக் கிட்ட. டமார்னு ஒரு சத்தம். பக்கத்துல எங்கயோ பாறைக்கு வெடி வெக்கறாங்கன்னு நெனச்சேன். அதுக்குள்ள பின்னாலிருந்து டிரெய்லரு ஜீப்ப இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு ஆட்டுது. ஃபெலிக்ஸு மாதாவே மாதாவேன்னு ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டான். எறங்கிப் பாத்தா, புது டயரு வாழ நாரு மாதிரி கிழிஞ்சு தொங்குது. அடுத்த பக்கத்து டயருக்கு வவுத்துல கொழுக்கட்ட மாதிரி ஒரு வீக்கம். உள்ள அம்மா இருந்திருந்தா... ஜீப்புலதான் இருந்திருப்பாங்க, செரி, ஆனாலும் அந்த ஆட்டத்துல... எனக்கு அன்னிலருந்து தூக்கமே இல்லீங் சார். ஸ்டெப்னியப் போட்டுட்டு அங்கிருந்து ஊர்ந்து வந்தோம். மாட்டு வண்டிக்காரரு ஒருத்தர் எங்களத் தாண்டிப் போயி, திரும்பிப் பாத்து, போய்ட்டு வாங்கன்னு கை காட்டிட்டுப் போறாரு.

அப்ப தப்பு ஆருது? டயரு வித்தவனுதுதானுங்களே? கிழிஞ்ச டயரத் தூக்கிட்டு அவங்கிட்டப் போனேன். ஒரு தரம் பாத்தான். கையில தொட்டுக்கூடப் பாக்கல சார். 'ஓவர்லோடு கியே தும்'ங்கறான். பாரம் ஜாஸ்தி ஏத்திட்டேனாம்! நானு! கித்னா வஜன்னு கேட்டான். ஆயிரத்தி அம்பதுன்னு சொன்னேன். 'ஜூட் நக்கோ போலோ பாய்'ங்கறான். நீங்க இந்த ஊர்க்காரங்க, உங்களுக்கு நான் அர்த்தம் சொல்லோணுமா? பொய் சொல்லாதேங்கறான். என்னப் பாத்து!

எங்கப்பா கோழிப் பண்ணைல முட்ட அடுக்கறவருங் சார். எங்க வீட்டுலயும் நாலு கோழி உண்டு. பண்ண முட்டையும் எங்க முட்டையும் சில நாளு ஒரே அட்டைல கெடக்கும். ஒண்ணப் போல ஒண்ணு, ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா எங்கப்பா எண்ணறப்ப எங்களுத மட்டும்தான் எண்ணுவாரு. 'அடுத்தவங்களுது நம்ம கையில இருந்தாலும், நம்ம கணக்குல வரக் கூடாதுடா'ம்பாரு. அப்படி வளந்தவன் சார் நான். என்னப் பாத்து ஜூட்டுங்கறான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

அங்கிருந்து ஒரு ஆட்டோவப் புடிச்சு மௌலா அலி போனேன். அங்க ஒரு கடைல பெரிய லாரி டயரா எடுத்துப் போடறாரு. 'இது யானையே ஏறுனாலும் தாங்கும்'ங்கறாரு. தாங்குமுங். ஆனா சக்கரத்துக்கு மேல இருக்கற அந்தத் தகரத்துக்குள்ள அது போகோணுமில்லீங்களா? தண்ணித் தொட்டில எருமைய எறக்குன மாதிரி இருந்துது. பட்டாப்பட்டி போட்டவனுக்குப் பந்தல் துணிய எடுத்துக் குடுத்தா எப்படிங்? இன்னொன்னு காட்டுனாரு, அதுல எந்த வாரம், எந்த வருசம் செஞ்சதுன்னு நாலு நம்பர் இருக்கும், அதப் பாத்தா அது நான் கடைசி வருசப் பரீட்ச எழுதறப்பவே பொறந்த டயரு. சும்மா கெடந்தே கெழடாயிருக்குது. வேண்டாமுன்... இல்லீங், வேண்டாம்னு சொல்லல. அப்பறம் வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்.

அப்பறம் இங்கயே கொண்டாப்பூர்ல, கண்ணாடிக் கட. ஏசி. காப்பியெல்லாம் குடுத்தாங்க. 'விச் கார், சார்?'னு ஒரு பொண்ணு கேக்குது. காரு இல்லம்மா, வீடுன்னேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல தேடுது தேடுது, அதுல வீடே இல்ல. உள்ள போயி அவங்க மேனேஜரக் கூட்டிட்டு வந்துது. அவரும் அதே கேள்விதான், எத்தன பாரம்? ஆயிரத்தி அம்பது. 'அப்ப எண்பத்தெட்டே போதும் சார்'ங்கறாரு. எண்பத்தெட்டு போட்டுத்தான்யா வெடிச்சுதுன்னேன். 'அப்ப பாரம் ஜாஸ்தி இருந்திருக்கும் சார்'. இல்லைங்கறேன். 'அப்ப எண்பத்தெட்டே போதும் சார்'. சுத்திச் சுத்தி அங்கயே வந்து நிக்கறாரு. அந்த நாச்சாரத்துக்காரன் சொன்னதும் இதேதான், பாரம் ஜாஸ்தின்னு. அத்தன பேரும் ஒண்ணு சேந்துக்கிட்டாங்களோன்னு கூட எனக்கு ஒரு ரோசன வந்துது சார். நான் கம்பெனிக்கே எழுதிப் போடலாம்னு...

என்னங் சார், சன்னல்ல எட்டிப் பாக்கறீங்க? பாருங், நல்லாப் பாருங். வெளக்கப் போடட்டுமா? மெத்த தெரியாது, அதுக்கு மேல மூட்ட கெடக்குது.

அதுங்களா? அரிசிங். புழுங்கலரிசி. உங்களுக்குத் தெரியாததா, இந்த ஊர்ல எந்தக் கடைக்குப் போனாலும் பச்சரிசிதான குடுக்கறாங்க? நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அது எறங்க மாட்டேங்குது. நான் டிரெய்லர எடுத்துட்டு ஊருக்குப் போறேன்னு எங்க மாடி வேதவல்லி அக்காகிட்ட ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். 'தம்பி, ஒரே ஒரு மூட்ட'ன்னாங்க. செரிங்க்கான்னேன். அன்னிக்குச் சாயங்காலமே பேஸ்மெண்ட்டுலருந்து மொட்ட மாடி வரைக்கும் செய்தி போயிருச்சு. எல்லாருக்கும் ஒரே ஒரு மூட்டதானுங். ஒருத்தரும் ரெண்டு கேக்கல. நெம்ப நல்லவங்க. சுபாஸ்ரீன்னு ஒரு பொண்ணு, அவங்கம்மா வீட்டுலருந்து மாவாட்டற கிரைண்டர மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லுச்சு. அடுத்த பிளாக்ல ரெண்டு பேருக்கு நல்லெண்ண டின்னு. லிஃப்ட்டு ரிப்பேருங்களா, அதனால இன்னும் ஒருத்தரும் மூட்டைய மேல கொண்டு போகல. காலைல ஒரு குண்டாவ எடுத்துட்டு வருவாங்க, அன்னிக்கு வேணும்கறத அள்ளிட்டுப் போவாங்க. சிந்துறது கூட இல்ல.

எத்தன மூட்டைங்களா? எண்ணுலீங்களே. இருங்... ஒண்ணு, ரெண்டு... அந்தப் பக்கம் மூணு... மேல... எங்க மூட்ட போக பன்னெண்டு இருக்குமுங். இருவத்தஞ்சு கிலோ மூட்டதான்.

கணக்குலயா? எங்க மூட்ட கணக்குல இருக்குதுங், சொன்னேனே. மத்தது எப்படிங் சார் என்ற கணக்குல வரும்? அது அவங்களுதுங்களே. அவங்க காசு, அவங்க அரிசி. நான் சும்மா ஏத்திட்டு வந்தேன். அடுத்தவங்க பொருள நான் எப்படி என்ற...

ஏங் சார் சிரிக்கறீங்க?

இல்ல, சொல்லிட்டுச் சிரிங். என்ன, டயருக்கு எப்படித் தெரியுமா? எது எப்படித் தெரியும்? ஆரோட மூட்டைன்னு... டயருக்கு...

...

அய்யய்யோ.

அய்யோ, சார். இருங், இருங், பேசாதீங்க. பன்னெண்டு மூட்ட, முந்நூறு. கிரைண்டரு கல்லோட, டின்னோட, அம்பது போட்டுக்கலாம். முந்நூத்தி அம்பது. ஆயிரத்தி அம்பதும் முந்நூத்தி அம்பதும்... ஆயிரத்தி நானூறு. ஒரு டயருக்கு எழுநூறு. ஐநூத்தி அறுவது தாங்கற டயரு மேல எழுநூறு! சார், அது ஜட்சர்லா வரைக்கும் வந்ததே பெருசுங். அது நெம்ப நல்ல டயரு. அதுக்கு மால போடலாம்.

போறப்ப ஏன் வெடிக்கலைன்னு நான் ஒருக்கா கூட நெனைக்கலீங்களே! போறப்ப மூட்டையே இல்லியே! பிரஸ்ஸ நிறுத்தேனுங் சார். பல்லு வெளக்கற பிரஸ்ஸ நிறுத்துட்டு, பன்னெண்டு மூட்டைய உட்டுட்டேன். இதே தப்ப வேற ஒருத்தன் பண்ணியிருந்தா நான் அரை நிமிசத்துல புடிச்சு, செகப்புல வட்டம் போட்டு, அவன் மேனேஜருக்கு அனுப்பியிருப்பேன். அந்தக் கடக்காரன்கிட்ட வேற, எங்கப்பா முட்டக் கதையெல்லாம் சொல்லி அழுதுட்டு வந்திருக்கேன். தமிழ்ல சொன்னேன், அவனுக்குப் புரிஞ்சிருக்காது. அது ஒண்ணுதான் ஆறுதல்.

அப்ப... அப்ப எண்பத்தெட்டே போதுமுங்களா? மூட்ட இல்லைன்னா போதும். ரெண்டு புது டயரு, அதே நம்பரு. கடை சாயங்காலம் வரைக்கும் தெறந்திருக்கும். இப்பப் போயி வாங்கி மாட்டுனா, ராவுக்குள்ள உங்க எடத்தக் காலி பண்ணி ரோட்டுல நிறுத்திப்போடறேன். காலைல கெளம்பிரலாம். சார், அம்மாவக் கூட்டிட்டு வந்தரலாம் சார்! ஆனா உள்ள இருக்கறத மொதல்ல எறக்கோணும். அப்பறம்... அப்பறம் இந்தத் தடவைக்கும் ஆளுங்க சொல்லி வெச்சிருக்காங்களே. எல்லாருக்கும் ஒரே ஒரு மூட்ட. செரிங், கொண்டாறேன்னு தலைய ஆட்டிட்டேனே. இப்ப என்னத்தச் சொல்றது?

ஒரு நிமிசமுங், போனு. அம்மாதான்.

அம்மா... ஆமா. காலைல கெளம்பறோம்... ஆமா, நெசமாத்தான். டயரா? கெடச்சிருச்சு. இங்க புதுசா ஒரு சாரு வந்திருக்காரு, அவருதான் சொல்லிக் குடுத்தாரு... என்னது? வேதவல்லி அக்கா உனக்கே போன் பண்ணிட்டாங்களா? நேரா உனக்கேவா? அப்பா மண்டிக்குப் போயிருக்காரா? எத்தன மூட்டைக்கு? அம்மா... அம்மா, கேளு. அப்பாவத் திருப்பிக் கூப்புடு. ஒண்ணும் வேண்டாம்... இல்ல, அரிசி வேண்டாம்... பருப்பும் வேண்டாம்... வெறுங்கையோட எப்படி வர்றதா? வா. நீ வெறுங்கைய வீசிட்டு வா. நீயும் அப்பாவும் மட்டும் வந்தாப் போதும்... அம்மா, தண்ணிய நல்லாக் குடிச்சுட்டு ஏறு, என்ன? வேணும்கற மட்டும் குடி. நிறுத்தறதுக்குத்தான் வர்றதே... செரி. செரி, அழுவாதே. ஒரு அட்ட முட்ட எடுத்துக்கோ. ஒண்ணே ஒண்ணு. நம்ம கோழியுதா? நம்ம கோழியுதா இருந்தாலும் பண்ணையுதா இருந்தாலும் எடைல சேத்துக்கறேன், எடுத்துட்டு வா. வெக்கட்டுமா.

பாத்தீங்களா சார், அம்மாகிட்ட வேண்டாம்னு எத்தன தரம் சொன்னேன்! தானா வந்துருச்சுங். எனக்கே ஆச்சரியமா... சார்? எங்கிங் போயிட்டீங்க? ஜம்புநாதன் சார்!

அடடடா, என்னங் சார் இது, மூட்டையத் தோள்ல போட்டுட்டீங்க! எறக்குங், எறக்குங், நீங்க எதுக்கு... மேடம் கார்ல இருக்காங்களே, பாத்தா என்னை என்ன நெனப்பாங்க? செரி, உங்க எடம் காலியாகோணும், வாஸ்தவந்தான். அப்ப நானும் ஒண்ணு எடுத்துக்கறேன், இருங். அது வேதவல்லி அக்காவுதுங், நாலாவது மாடி. லிஃப்ட்டு இல்ல, படிதான். இந்த அசோசியேசன்காரங்க இருக்காங்களே, லிஃப்ட்ட ஒரு வாரத்துல சரி பண்றேன்னு சொல்லி... இல்லீங், பேசல. மூச்சு வாங்குது. நடங்.

சார், ஒரு நிமிசம், இந்த மாடிப்படில சித்த நில்லுங். அக்கா கதவத் தெறந்ததும் மொதல்ல கேக்கறது, 'தம்பி, இந்தத் தடவைக்கு நம்ம மூட்ட?'ன்னுதான். பெத்தவகிட்டச் சொன்ன மாதிரி அக்காகிட்ட எனக்கு வராதுங்.  'இந்தத் தடவ இல்லீங்க'ங்கறது மூணே வார்த்ததானுங்களே? இத்தன நேரம் உங்களப் பேச உடாம நானே பேசிட்டிருந்தேன், தப்புத்தான். அது ஒண்ண மட்டும் நீங்க பேசிப்போடுங் சார். நான் மூட்டையத் தூக்கிட்டு உங்களுக்குப் பின்னால நின்னுக்கறேன்.